பளு யார் தலையில்?

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து புறப்பட இருந்த பளு தூக்கும் வீராங்கனை ஒரே ஒருவர்தான். மணிப்பூரைச் சேர்ந்த லைஷ்ராம் மோனிகா தேவி. 69 கிலோ பிரிவு. தில்லியில் மூட்டை முடிச்சுகளோடு தயாராக இருந்தவரிடம், விமானம் ஏற வேண்டிய நேரத்தில், "ஊக்கமருந்துச் சோதனையில் தேறவில்லை, போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்றார் அவர். மணிப்பூர் கொந்தளித்தது. சில நாட்களில் இந்திய விளையாட்டு ஆணையமே சுருதியை மாற்றிக்கொண்டது. மோனிகா போட்டியிடத் தடையில்லையாம். ஆனால் அதற்குள் பெய்ஜிங்கில் அவருக்கான இடம் பறிபோயிருந்தது. பளு தூக்கும் மேடையில் இந்தியர் யாரும் ஏறாமலே அந்த ஒலிம்பிக் முடிந்தது.

இந்தியப் பளு தூக்கும் சம்மேளனம் 1935-ல் பிறந்தது. மறு ஆண்டே பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஒரு வீரர் போனார். பெயர் ஸா வெய்க். பர்மாக்காரர். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி என்பதால் இந்தியாவின் கணக்கில் சேர்ந்தார். இரவல் வீரரோடு தொடங்கிய இந்தச் சரித்திரத்துக்குச் சொந்தமாக ஒரு பெருமை கிடைக்க 64 ஆண்டுகள் ஆயின. சிட்னியில் 2000 செப்டம்பர் 19 அன்று ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி ஸ்நாட்ச் முறையில் 110 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 130 கிலோவும் தூக்கினார். மொத்தம் 240. வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். கடைசி முயற்சியில் 137.5 கிலோவுக்குப் போய் நழுவவிட்டார். அது மட்டும் தலைக்கு மேல் நின்றிருந்தால் தங்கமே கிடைத்திருக்கும். முதலிடம் பெற்ற சீனப் பெண் தூக்கிய மொத்த எடை 242.5 கிலோதான்.

அந்தப் பெருமை நான்கு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 2004-ல் ஏதென்ஸில் இரண்டு இந்திய வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். சர்வதேச சம்மேளனம் இந்தியாவுக்கு ஓராண்டு தடை போட்டது. 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் மறுபடி சிக்கினார்கள். மறுபடி தடை. 2009-ல் ஆறு பேர். இந்த முறை விதிக்கப்பட்ட தடை நான்கு ஆண்டுகள். கூடவே ஒரு மாற்று வழியும் காட்டப்பட்டது. ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டினால் தடை விலகும். அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்.

2010 அக்டோபரில் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் தானே இல்லாமல் போனால் எப்படி? அபராதம் கட்டப்பட்டது, தடை நீங்கியது. இந்தியா அந்த மேடையில் தங்கமும் வென்றது.

இங்கேதான் பளு தூக்குதலின் விசித்திரமான நியாயம் தெரிகிறது. ஒரு நாட்டில் பலர் மாட்டிக்கொண்டால், நிர்வாகத்திலேயே கோளாறு என்று கருதி சம்மேளனத்தைத் தண்டிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அந்தத் தண்டனைக்கு விலை உண்டு. கட்டினால் கதவு திறக்கும். வீரரின் தண்டனைக்கோ விலை கிடையாது. அவர் உடம்பில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு அவருடையது. மாத்திரையைப் பயிற்சியாளர் கொடுத்தாரா, முகாமில் கொடுத்த சத்துமாவில் கலந்திருந்ததா என்பதெல்லாம் பிறகு வரும் விவாதம். அதை நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான். 20 வயதில் நான்கு ஆண்டுத் தடை வாங்கியவர் திரும்பி வரும்போது, முகாமில் அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார்.

அபராதம் வசூலித்த சர்வதேச சம்மேளனத்தின் லட்சணம் என்ன? 2020-ல் அதுவும் வெளியே வந்தது. ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பிய புலனாய்வைத் தொடர்ந்து, பல பதிற்றாண்டுகள் அந்த அமைப்பைக் கையில் வைத்திருந்த ஹங்கேரிக்காரர் தமாஷ் ஆயான் தலைவர் பதவியிலிருந்து விலகினார். கனடாவின் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் நடத்திய விசாரணையில் ஒரு கோடியே நான்கு லட்சம் டாலருக்குக் கணக்கு இல்லை என்று தெரிந்தது. பல நாடுகளிலிருந்து ஊக்கமருந்து அபராதங்கள் ரொக்கமாகவே வந்து சேர்ந்த கதையையும் அவருடைய அறிக்கை சொன்னது. திருடனைப் பிடிக்கப் போட்ட தண்டம் போன இடம் இது.

இதற்காக வீரர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்லிவிட முடியாது. 2015-ன் தொடக்கத்தில் உள்நாட்டுப் போட்டிகளில் மட்டும் 26 பேர் சிக்கினார்கள். இளையோர் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி என்று பதக்கம் சிறியதாக இருக்கும் இடங்களிலும் மருந்து நுழைந்திருந்தது. காரணம் புரியாததல்ல. ஒரு தேசிய பதக்கத்தின் சான்றிதழ் ரயில்வேயிலோ போலீஸிலோ துணை ராணுவத்திலோ வேலை வாங்கித் தரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அந்த வேலை ஒரு குடும்பத்தைக் கரையேற்றும். உலக சாம்பியன் ஆவதற்காக ஊசி போட்டுக்கொள்பவர்கள் கொஞ்சம் பேர். குமாஸ்தா ஆவதற்காகப் போட்டுக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2024-ம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து எடுத்த 7,113 மாதிரிகளில் 260-ல் மருந்து தெரிந்தது.

குழப்பமான வழக்குகளும் உண்டு. மணிப்பூரின் சஞ்சிதா சானு 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வென்றவர். இரண்டாவது தங்கத்தின் சூடு ஆறுவதற்குள், 2017-ல் அமெரிக்காவில் கொடுத்த சிறுநீர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் இருந்ததாகக் கூறி அவரைத் தற்காலிகமாக விலக்கிவைத்தார்கள். அனுப்பிய கடிதத்திலேயே மாதிரியின் எண் இரண்டு விதமாக இருந்தது. குமாஸ்தா பிழை என்றது சர்வதேச சம்மேளனம். கடைசியில் மாதிரியைக் கையாண்டதில் குறைகள் இருந்ததாக ஒப்புக்கொண்டு, 2020-ல் குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் டோக்கியோவுக்குத் தகுதி பெறும் காலத்தில் பெரும் பகுதி போய்விட்டது. அதே சஞ்சிதா 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் வேறொரு மருந்தில் சிக்கி, 2023-ல் நான்கு ஆண்டுத் தடை பெற்றார் என்பதும் உண்மை. முதல் வழக்கில் நடந்த அநியாயத்தை இரண்டாவது வழக்கு அழித்துவிடாது. ஆனால் அவருக்காகப் பேச வருகிறவர்களின் வாயை அது அடைத்துவிடுகிறது.

நல்ல செய்திகள் இல்லாமலில்லை. இம்பாலுக்குப் பயிற்சிக்குப் போக மணல் லாரிகளில் இடம் கேட்டு ஏறிய மீராபாய் சானு, டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். ஊர் திரும்பியதும் அந்த லாரி டிரைவர்களைத் தேடிப்பிடித்து விருந்து வைத்தார். 2024-ல் பாரிஸில் 199 கிலோ. ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போயிற்று.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய சம்மேளனங்களின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது என்கிறது. அவர்களில் குறைந்தது இரண்டு பேர் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களாகவும் நான்கு பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நாற்காலியில் ஒரு முறையாவது இரும்பைத் தூக்கிய கைகள் இருப்பது நல்லதுதான். ஆனால் முகாமில் ஒரு பெண் சிக்கினால் அவளுக்கு என்ன கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று முகாமை நடத்தியவரைக் கேட்கும் கேள்வி எந்த நாற்காலியிலிருந்து வரும் என்பதைச் செயற்குழுவின் எண்ணிக்கை சொல்லாது.

மோனிகா தேவிக்கு இன்னொரு ஒலிம்பிக் வாய்க்கவில்லை. அபராதம் கட்டித் திறந்த கதவு வழியாக, 2010-ல் அவரும் தில்லி மேடைக்கு வந்தார். 75 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கிக்கொண்டு போனார்.