எந்தப் பேட்டை நல்ல பேட்டை?

நம் சங்கத்தின் செயற்குழு, புதிதாகத் தில்லிக்கு வரும் தம்பி தங்கையருக்கென்று ஒரு துண்டறிக்கை அச்சிட எண்ணியிருக்கிறது. எண்ணம் நல்லதே. ஆனால் அதன் வரைவைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகர்ஜி நகரில் ஜாகை பார்க்காதீர். காந்தி விகார் பக்கமே போகாதீர். கமலா நகர் பரவாயில்லை. இப்படிப் பேட்டைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்! போதாக்குறைக்கு, பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டுப் பொங்கல் விழா ஒத்திகை இனி மாலை ஆறு மணிக்கே முடிந்துவிடுமாம். ஆதாரம் என்ன என்று கேட்டேன். "குற்றப் புள்ளி விவரம்தான் சொல்கிறதே, அம்மா!" என்றார் செயலாளர் அண்ணன்.

புள்ளி விவரம் என்னதான் சொல்கிறது? நம் ஊர்க் கணக்கையே முதலில் பார்ப்போம். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம். 2020இல் சுமார் 8 லட்சத்து 91 ஆயிரம்! ஒரே ஆண்டில் நம் மக்கள் ஐந்து மடங்கு கொடியவர்களாகிவிட்டார்களா? இல்லை. கொரோனா ஊரடங்கை மீறித் தெருவுக்கு வந்தவர்கள் மீது வழக்குமேல் வழக்காகப் போட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா ஒரு சுற்றுச் சுற்றியவரும் அந்தக் கணக்கில் அடக்கம். அந்த ஏட்டை மட்டும் பார்த்த வடநாட்டு மாணவர் ஒருவர், தமிழ்நாட்டுக்குப் போகவேண்டாம் என்று துண்டறிக்கை போட்டால் நாம் சும்மா இருப்போமா?

தில்லியின் கதையும் இதுவே. 2013இல் இங்கே பதிவானவை சுமார் 80 ஆயிரம். 2014இல் சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம். இடையில் நடந்தது என்ன? 2013 நவம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, லலிதா குமாரி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கைது செய்வதற்குரிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால், முதல் தகவல் அறிக்கை பதிந்தே தீரவேண்டும் என்பது அத்தீர்ப்பு. தில்லிப் போலீசாரும் பதிவதில் தாராளம் காட்டத் தொடங்கினர். முன்பு தட்டிக் கழிக்கப்பட்ட திருட்டெல்லாம் ஏட்டில் ஏறியது. ஆக, எண்ணிக்கை ஏறியது சற்றே நேர்மை கூடியதன் அடையாளம் அன்றோ?

இன்னொன்று. மாநகரங்களின் குற்ற விகிதத்தைக் கணக்கிடும்போது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2011ஆம் ஆண்டு மக்கள் தொகையைக் கொண்டே வகுத்து வந்திருக்கிறது. அதன்பின் வந்து குவிந்தவர்கள் கணக்கில் இல்லை. அது போகட்டும். அந்த ஏடு நகரத்துக்கு எண் தருகிறது; பேட்டைக்குத் தருவதில்லை. பிறகு காந்தி விகாருக்குக் குறைந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது? சொல்லிவிடுகிறேன்: அங்கே வாடகை குறைவு, வடகிழக்கு மாணவர்களும் வெளியூர் ஏழைகளும் மிகுதி. மேல்தட்டு வீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளிப்பதை நாமும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். அருணாசலப் பிரதேசத்து இளைஞர் நிடோ தானியா 2014 சனவரியில் அடிபட்டு மாண்டாரே, அந்த அடி விழுந்தது லாஜ்பத் நகரில். அது நல்ல பேட்டை என்று பெயர் வாங்கியது. யாருக்கு நல்லது என்ற கேள்வி அந்தத் துண்டறிக்கையில் இல்லை.

சென்ற ஆண்டு என் தோழி ஒருத்தி இ-ரிக்ஷாவில் வரும்போது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவள் கைபேசியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் அவளுடன் காவல் நிலையம் சென்றேன். அங்கிருந்த பெரியவர் கனிவாகத்தான் பேசினார். "பேட்டா, பறித்தார்கள் என்று ஏன் எழுதுகிறாய்? காணோம் என்று எழுது. சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார். தேநீர்கூட வரவழைத்தார். காணோம் என்று எழுதினால் விசாரணை இல்லை, வழக்கு இல்லை, அந்தப் பேட்டையின் கணக்கில் குற்றமும் இல்லை! இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பறிப்பு என்றே பதிய வைத்தோம். கைபேசி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். தனியாகப் போயிருந்தால், இந்தி தடுமாறும் முதலாண்டு மாணவி என்ன செய்திருப்பாள்?

துண்டறிக்கையில் எழுத வேண்டியது இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் சென்று கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். அதே நாளில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம். அவசரத்துக்கு 112.

இனி அந்த ஆறு மணி. தெருவைக் காப்பது எது? இரவு பத்துக்கு மேல் நம் காலனிகளில் இரும்புக் கதவுகளைச் சாத்திவிடுகிறார்கள். சௌக்கிதார் தடியைத் தட்டிக்கொண்டு போகிறார். கதவு மூடியதும் ஆட்டோ உள்ளே வராது. இறங்கிச் சுற்றிக்கொண்டு இருட்டில் நடக்கவேண்டியது நாம்தான். மாறாக, பராத்தா கடையும் நகல் கடையும் திறந்திருக்கும் முகர்ஜி நகர்த் தெருவில் நான் இரவு பதினொரு மணிக்கும் அஞ்சாமல் நடந்திருக்கிறேன். ஜேன் ஜேகப்ஸ் என்ற அம்மையார் 1961இலேயே அமெரிக்க நகரங்களைப் பற்றிய நூலில் இதை விளக்கியிருக்கிறார்: தெருவைப் பார்க்கும் கண்கள் மிகுந்தால் தெருவுக்குக் காவல் மிகும். பெண்களை ஆறு மணிக்கு அறைக்குள் அனுப்பினால், தெருவில் மிஞ்சுவோர் யார்?

அறைக்குள் ஆபத்தில்லை என்பதும் பொய். அண்ணன் காட்டும் அதே ஏட்டில், பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். தெருவிளக்கோ பூட்டோ இதற்கு மருந்தாகாது. விடுதிப் பூட்டை எதிர்த்து 2015இல் இதே தில்லியில் பிஞ்ரா தோட் என்று மாணவிகள் கிளம்பினார்கள். நாமோ பூட்டைச் சங்கச் செலவில் வாங்கப் பார்க்கிறோம்!

ஒத்திகை எட்டரை வரை நடக்கட்டும். முடிந்ததும் விஸ்வ வித்யாலயா மெட்ரோ நிலையம் வரை எல்லோரும் சேர்ந்தே நடப்போம். ஆண்களும் அந்நேரத்துக்கே கிளம்பட்டும். காவல் நிலையத்துக்குத் துணை போக, இந்தி நன்றாகப் பேசும் நான்கு பேர் பெயரைச் சங்கம் எழுதி வைக்கட்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதை வருகிற ஞாயிறு மாலை விஜய நகரிலிருந்து குறித்து வரப் போகிறோம். வருகிறவர்கள் விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது அது வேண்டியிருக்கும்.