சித்திரம் வாங்கிச் சுவரை விற்றவர்கள்

2009 மார்ச் மாதம். டெர்ரெல் ஓவன்ஸை டல்லாஸ் கௌபாய்ஸ் அணி வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பஃபலோ பில்ஸ் அணி ஒரு வருடத்துக்கு 65 லட்சம் டாலர் பேசி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வயது 35. ஓடி ஓடிப் பந்து பிடிக்கிற வேலையில் அது கிட்டத்தட்ட தாத்தா வயசு.

உடனே எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இந்த ஆள் அந்த அணியையும் உடைத்துவிடுவாரா?"

கேள்வியே தப்பு. பஃபலோவில் ஏதாவது உடைந்தது என்றால் அதை உடைத்தவர் ஓவன்ஸ் இல்லை. அவரை வாங்கியவர்கள்தான்.

கால்பந்து என்றதும் பெக்காம் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், வேலை முக்கால்வாசி கையில். குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் என்பவர் ஓடிப்போய் அதைப் பிடிப்பார். எறிகிறவர் மேல் எதிரணி ஆட்கள் விழுந்து அமுக்காமல் இருக்க, முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். சுவர் நிற்க வேண்டும், எறிகிறவர் சரியாக எறிய வேண்டும், அப்புறம்தான் பிடிக்கிறவருக்கு வேலை. கடைசியில் பிடிப்பவர்தான் டிவியில் தெரிவார். அதனால் அவர்தான் எல்லாம் என்று நமக்குத் தோன்றும்.

டி.ஓ. என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஓவன்ஸ் டிவிக்காகவே பிறந்தவர் மாதிரி. 2000ல் சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் இருந்தபோது, டல்லாஸ் மைதானத்தின் நடுவில் வரைந்திருக்கும் நட்சத்திரச் சின்னத்தின் மேல் போய் நின்று கையை விரித்துக் கொண்டாடினார். எதிரணியின் வீட்டு நடுக்கூடத்தில் ஆட்டம் போட்ட மாதிரி. சொந்த அணியே அவரை ஒரு வாரம் தள்ளி வைத்தது. 2002ல் ஒரு டச்டவுன் எடுத்த கையோடு காலுறையிலிருந்து மார்க்கர் பேனாவை உருவி, பந்தில் கையெழுத்துப் போட்டு, பார்வையாளர் பக்கம் இருந்த ஒருவரிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் அவருடைய நிதி ஆலோசகர். வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்கவும் :-)

2005ல் ஃபிலடெல்ஃபியா அணியுடன் சம்பளத் தகராறு. பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், வீட்டு வாசலில் கேமராக்களுக்கு முன்னால் உடற்பயிற்சி செய்து காட்டினார். அந்த வருடப் பாதியிலேயே அணி அவரை ஒதுக்கி வைத்தது.

ஆனால் அதே மனிதர்தான் 2004 டிசம்பரில் கால் எலும்பு முறிந்து, ஏழே வாரத்தில் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் வந்து நின்று 9 முறை பந்தைப் பிடித்து 122 கெஜம் எடுத்தவர். வாய்க்கொழுப்பு உண்டு. வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. டல்லாஸ் அவரைக் கழற்றிவிட்ட 2008 பருவத்தில்கூட 1,052 கெஜம், 10 டச்டவுன்.

சரி, பஃபலோவுக்கு இவர் எதற்கு?

அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். நியூயார்க் மாநிலத்தின் பனி மூலையில், எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர். 1950ல் 5 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2010ல் 2 லட்சத்து 61 ஆயிரம் பேர்தான். ஆலை போனது, ஆட்கள் போனார்கள், மிச்சம் இருந்தது அணி. அந்த அணியோ 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல்களில் தோற்ற அணி. 1999 பருவத்துக்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2008லிருந்து வருடத்துக்கு ஒரு சொந்த ஊர் ஆட்டத்தைக் கனடாவின் டொரொண்டோவில் நடத்த ஆரம்பித்தார்கள். உரிமையாளர் ரால்ஃப் வில்சனுக்கு வயது தொண்ணூறு. அவருக்குப் பிறகு அணியும் ஊரை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம் அங்கே பலருக்கு இருந்தது.

அப்படிப்பட்ட ஊருக்கு டி.ஓ. வந்தார். மேயர் நகரத்தின் சாவியைக் கையில் கொடுத்தார். நம்மையும் நாடு திரும்பிப் பார்க்கிறதே என்று ஜனங்களுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அதை வைத்து வியாபாரம் செய்தவர்களைக் கேள்வி கேட்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். ஒப்பந்தம் தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனமானது. ஒரே வருடம். நீண்டகாலப் பொறுப்பு கிடையாது. தேய்மானம் ஆகிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை மொத்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுத்த மாதிரி. இந்த வரைக்கும் பாஸ் மார்க் போடலாம்.

அடுத்த மாதமே, 2009 ஏப்ரலில், என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஐந்து பேர் சுவரின் மிக முக்கியமான இடது முனையில் நின்ற ஜேசன் பீட்டர்ஸை ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டார்கள். முந்தைய இரண்டு வருடமும் நட்சத்திர அணிக்குத் தேர்வானவர். அதற்கேற்ற சம்பளம் கேட்டார், ஒத்துவரவில்லை. (போன இடத்தில் அவர் இன்னும் 7 முறை நட்சத்திர அணிக்குத் தேர்வானார் என்பது தனி வயிற்றெரிச்சல்.) அந்த இடத்துக்கு மாற்றிய லாங்ஸ்டன் வாக்கரையும் பருவம் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது நீக்கினார்கள். தாக்குதல் திட்டம் போடுகிற பயிற்சியாளர் டர்க் ஷோனர்ட்டை முதல் ஆட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னால் வேலையை விட்டே தூக்கினார்கள். முதல் ஆட்டத்தில் நின்ற சுவரில், முந்தைய வருடம் அதே இடத்தில் ஆடியவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேர் அந்த வருடம்தான் கல்லூரியிலிருந்து வந்த புதுப்பையன்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

எறிகிறவர் கதை இன்னும் பாவம். அதுவரை ஓவன்ஸுக்குப் பந்து எறிந்தவர்கள் யார் யார்? ஸ்டீவ் யங், ஜெஃப் கார்சியா, டோனவன் மெக்நாப், டோனி ரோமோ. எல்லோரும் நட்சத்திர அணியில் இடம் பிடித்தவர்கள். பஃபலோவில் முதலில் ட்ரென்ட் எட்வர்ட்ஸ், அப்புறம் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக். பின்னவர் ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர், நல்ல மனிதர், துணிச்சல்காரர். ஆனால் 2005 தேர்வில் 250வது ஆளாக வந்தவர்.

முடிவு? பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில் நியூ ஓர்லியன்ஸுக்கு எதிராக ஓவன்ஸ் கைக்கு ஒரு பந்துகூடச் சேரவில்லை. தொடர்ந்து 185 ஆட்டங்களில் குறைந்தது ஒரு பந்தாவது பிடித்தவர் என்ற சரித்திரம் அன்றோடு நின்றது. நவம்பரில் 3 வெற்றி, 6 தோல்வி என்ற நிலையில் தலைமைப் பயிற்சியாளர் டிக் ஜாரனையும் அனுப்பினார்கள். கடைசியில் 6 வெற்றி, 10 தோல்வி. முந்தைய வருடம் டி.ஓ. இல்லாமலே 7 வெற்றி!

எல்லோரும் பயந்தார்களே, அந்த ரகளை? பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. மனிதர் வந்தார், பயிற்சி செய்தார், ஓடினார். ஜாக்சன்வில்லுக்கு எதிராக ஃபிட்ஸ்பேட்ரிக் எறிந்த ஒரு பந்தைப் பிடித்து 98 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார். அந்த ஒரே ஆட்டத்தில் 197 கெஜம். பருவம் முழுக்க 55 பிடிப்புகள், 829 கெஜம். அந்த 98 கெஜ ஆட்டத்திலும் அணி தோற்றது.

'வயசாகிவிட்டது, அவ்வளவுதான்' என்று சொல்லத் தோன்றும். அதற்கும் பதில் இருக்கிறது. அடுத்த வருடம், 36 வயதில், சின்சினாட்டி அணிக்குப் போனார். எறிந்தவர் கார்சன் பால்மர். 72 பிடிப்புகள், 983 கெஜம், 9 டச்டவுன். பஃபலோவில் கிடைத்ததை விட ஓங்கிய எண்கள். அந்த அணியும் 4 வெற்றி, 12 தோல்வி என்றுதான் முடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பிடிக்கிறவர் ஒருவர் அணியை உடைக்கவும் முடியாது, தூக்கி நிறுத்தவும் முடியாது. சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்.

சத்தம் போடுகிற ஊழியர் மேல் எல்லோர் கண்ணும் இருக்கும். மூடிய அறையில் கோப்பில் கையெழுத்துப் போட்டு சத்தமில்லாமல் செய்கிற தவறு யார் கண்ணிலும் படாது. ஓவன்ஸின் குணத்தைப் பற்றி மாதக்கணக்கில் பேசியவர்களில் எத்தனை பேர், பீட்டர்ஸ் போன இடத்தில் யார் நிற்கப் போகிறார் என்று அதே மூச்சோடு கேட்டார்கள்? நம் வகுப்பிலும் வேலை செய்யப்போகும் அலுவலகத்திலும் இதே கதைதான் நடக்கும். பொருள் விற்கவில்லையா, பிரபல நடிகரை விளம்பரத்துக்குப் பிடி. ஆலையில் என்ன கோளாறு என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்த அணியில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு இடத்தில் போடும் டாலர் இன்னொரு இடத்தில் குறையும். வாய்ப்புச் செலவு என்று முதல் வருடப் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். பணத்தை விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட வைக்கிறது.

பஃபலோ திரும்பவும் பிளேஆஃப் பார்த்தது 2017 பருவத்தில்தான். 2018ல் ஜாஷ் ஆலன் என்ற எறிபவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு முன்னால் சுவரைப் பலப்படுத்தினார்கள். அதற்கப்புறம், 2020ல், மினசோட்டாவில் மனக்கசப்போடு இருந்த ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை வாங்கினார்கள். முதல் வருடமே 127 பிடிப்புகள், 1,535 கெஜம், லீகிலேயே முதலிடம். அணிக்கு 13 வெற்றி, 3 தோல்வி. அவரும் வாயில்லாப் பூச்சி இல்லை. அதே ஊர், அதே பனி, அதே மாதிரி ஆள். வாங்கிய வரிசை மட்டும்தான் வேறு.

ஓவன்ஸ் 2018ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அந்த விழாவுக்குப் போகாமல் தான் படித்த சட்டனூகாவில் தனியாக விழா வைத்துக்கொண்டார். கடைசி வரை அவர் அவராகவே இருந்தார். பஃபலோ அவரிடம் வாங்கியதும் அதைத்தான். வாங்கியதற்கு மேல் எதிர்பார்த்தது அவர் குற்றம் இல்லை.