கட்டில் போடும் இடத்தில் கீரைத் தோட்டம்!

"எங்கள் வீட்டில் இடம் எங்கே இருக்கிறது?"

வீட்டுத் தோட்டம் என்று பேச்சை எடுத்தால் போதும். நகரத்தில் குடியிருப்பவர்கள் உடனே இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒண்டுக் குடித்தனத்தில் துணி உலர்த்தவே இடம் போதாது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலோ இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை.

ஆனால், நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் மொட்டை மாடியிலோ, வாசல் ஓரத்திலோ ஒரு கட்டில் போடும் அளவுக்கு வெயில் படும் இடம் இருக்கிறதா? இருந்தால் அது போதும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் ஒரு தடவை கீரைப் பொரியல் செய்யலாம். ரசத்துக்குக் கொத்தமல்லியும், துவையலுக்குப் புதினாவும் வீட்டிலேயே பறிக்கலாம்.

வீட்டுத் தோட்டம் பாழாவதற்குக் காரணம் இடக் குறைவு அல்ல, யோசனைக் குறைவு. இது என் கட்சி. என் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

12 தொட்டி, 2 செடி

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் தோட்ட ஆசை வந்தது. ஒரே நாளில் 12 தொட்டிகள் வாங்கினேன். தக்காளி, கத்தரி, வெண்டை, பூக்கோசு என்று கண்ணில் பட்ட நாற்றையும் விதையையும் எல்லாம் வாங்கினேன். மாடியில் எங்கே இடம் காலியாக இருந்ததோ அங்கே வைத்தேன்.

அந்த இடம் தண்ணீர்த் தொட்டியின் நிழல். காலை 10 மணிக்கு மேல் அங்கே வெயில் கிடையாது. தக்காளிச் செடி ஒல்லியாக நெட்டையாக வளர்ந்தது, காய்க்கவில்லை. பூக்கோசு நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஆகாது என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் 10 செடிகள் போய்விட்டன.

"பன்னிரண்டு தொட்டி வாங்கினீர்களே, ஒரு நாள் ரசத்துக்குக் கொத்தமல்லி கிடைத்ததா?" என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியில்தான் பாடம் இருந்தது. கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, எங்கள் சமையலறைக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை.

முதலில் ஏன் கீரை?

சிறிய இடத்தில் முதல் உரிமை கீரைக்குத்தான் தர வேண்டும். காரணம் சொல்கிறேன்.

விலைவாசி ஏறும்போது வீட்டில் முதலில் குறைவது எது? அரிசி குறையாது. எண்ணெயும் பருப்பும் எப்படியோ வந்துவிடும். காய்கறியும் கீரையும்தான் குறையும். குறைவது யார் தட்டில்? கடைசியில் சாப்பிட உட்காரும் தாயின் தட்டில்.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு விவரம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இருந்தது. பாதிக்கு மேல்! இது பக்கத்துத் தெருவின் கதை அல்ல. நம் எல்லோர் வீட்டின் கதை.

கீரை ஒன்றே ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரை சாப்பிடவும் கூடாது. கீரையில் உள்ள இரும்புச் சத்து முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கூடவே சாப்பிட்டால் அதிகமாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் குறைந்துபோகும். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்தும் கீரையில் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அது அவசியம்.

இன்னொரு காரணமும் உண்டு. தக்காளிக்கு இரண்டு, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முளைக்கீரையோ நாலு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். பலன் சீக்கிரம் தெரிந்தால்தான் புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கு உற்சாகம் இருக்கும்.

செடிக்கு முன் சாக்பீஸ்

தோட்டத்துக்கு முதலில் வாங்க வேண்டியது விதை அல்ல, ஒரு சாக்பீஸ்!

விடுமுறை நாளில் காலை 8 மணிக்கு மாடிக்குப் போங்கள். வெயில் விழும் இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணிக்கும் அப்படியே செய்யுங்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே செய்துவிடுவார்கள்.

6 மணி நேரம் வெயில் படும் இடத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டை வரும். 4 மணி நேரம் இருந்தால் கீரை வகைகள் வரும். 2, 3 மணி நேரம்தான் என்றால் புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி போதும். வெயிலே படாத இடத்தில் செடி வைத்து ஏமாற வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் பச்சைப் பயறை முளைகட்டிச் சாப்பிடலாம். அதற்கு வெயில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெயில் வருடம் முழுவதும் ஒரே இடத்தில் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். தெற்குப் பார்த்த பால்கனியில் அப்போது நல்ல வெயில் இருக்கும். வைகாசி, ஆனியில் சென்னையில் நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். அதே பால்கனியில் அப்போது நிழல் தட்டும். ஆகவே ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை கோடு போட்டுப் பாருங்கள்.

இதோ கணக்கு!

கட்டில் என்றால் 6 அடி நீளம், 3 அடி அகலம். 18 சதுர அடி. இதற்கு மேல் அகலம் வேண்டாம், கை எட்டாது.

இதில் 4 அடி நீளத்தைக் கீரைக்கு ஒதுக்குங்கள். அங்கே 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி ஆழம் உள்ள நாலு பெட்டிகள் அடங்கும். பழைய பழப்பெட்டி, உடைந்த பிளாஸ்டிக் தொட்டி, செடிப் பை எதுவானாலும் சரி. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும்.

முதல் வாரம் முதல் பெட்டியில் மட்டும் விதை தூவுங்கள். இரண்டாம் வாரம் இரண்டாவது பெட்டி. மூன்றாம் வாரம் மூன்றாவது. நாலாம் வாரம் நாலாவது. அதற்குள் முதல் பெட்டிக் கீரை பறிக்கத் தயாராகிவிடும். பறித்த அன்றே கொஞ்சம் எரு போட்டு மறுபடி விதை தூவுங்கள். நாலு பெட்டியிலும் ஒரே நாளில் விதைத்தால், ஒரே வாரத்தில் தின்று தீராத கீரை வரும். அடுத்த மூன்று வாரம் வெறும் மண்தான் இருக்கும். பலரும் தவறுவது இங்கேதான்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பிடி மணலுடன் கலந்து தூவுங்கள். மேலே மெல்லிசாக மண் போட்டு, தண்ணீரைக் கையால் தெளியுங்கள். குடத்தைக் கவிழ்த்தால் விதை ஓடிவிடும். முளைக்கீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடித்தண்டு விட்டுக் கிள்ளினால் மறுபடி தழையும்.

மீதி இருப்பது 2 அடி நீளம், 3 அடி அகலம். அங்கே ஓர் அடித் தொட்டிகள் ஆறு வைக்கலாம். இரண்டில் மிளகாய். மற்ற நாலில் கொத்தமல்லி, புதினா, கற்பூரவல்லி, கறிவேப்பிலை.

கொத்தமல்லிக்குத் தனி விதை தேட வேண்டாம். முளைக்கும் திறனுள்ள நாட்டு மல்லியே போதும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை உண்டு. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டுகளை எடுத்து நட்டால் போதும். கற்பூரவல்லி ஒரு கொம்பு நட்டாலே பிழைக்கும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம். கறிவேப்பிலைக்கு மட்டும் பொறுமை வேண்டும். முதல் வருடம் அதை வளர விடுங்கள். வேர் பெருத்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

மாடி தாங்குமா?

இதை யோசிக்காமல் மண் ஏற்றக் கூடாது. ஒரு கன அடி ஈரமண் சுமார் 45 கிலோ எடை இருக்கும். வெறும் மண்ணை மாடியில் கொட்டினால் பாரம் ஏறிவிடும்.

ஆகவே மண் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். பாரம் வெகுவாகக் குறையும், ஈரமும் நிற்கும். நார்க் கழிவை இரண்டு, மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். பெட்டிகளை மாடியின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்றோட்டம் இருந்தால் தளம் ஓதம் காக்காது. பழைய கட்டடமாக இருந்தால் விவரம் தெரிந்த கொத்தனாரையோ பொறியாளரையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தண்ணீருக்கு என்ன செய்வது? அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அந்தத் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

பூச்சி வந்தால் கடை மருந்துக்கு ஓட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பிள்ளைகள் தின்னும் கீரை என்பது நினைவில் இருக்கட்டும்.

அக்கினி நட்சத்திரத்தில் தொடங்க வேண்டாம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் பெரியவர்கள் சொன்னது மாடித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

வேலை யாருக்கு?

இந்தக் கேள்வியை மறைக்க நான் விரும்பவில்லை. தோட்டம் போடலாம் என்று சொல்பவர் வீட்டுக்காரர். தண்ணீர் ஊற்றுபவர் வீட்டுக்காரி. பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஏற்கெனவே விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிற பெண்ணின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டினால் அந்தத் தோட்டம் நிலைக்காது; நிலைக்கவும் வேண்டாம்.

ஆளுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தனிப் பெட்டி கொடுங்கள். தான் விதைத்த கீரையைத் தட்டில் ஒதுக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மாடியில் தண்ணீர் ஒழுகும், தொட்டி வைக்காதே" என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். செங்கல் மேல் வை, சுவர் ஓரம் வை, இத்தனை பெட்டிக்கு மேல் வேண்டாம் என்று நிபந்தனை போடுங்கள். ஒரு கட்டில் அளவு இடம் கொடுப்பதால் உங்கள் வீடு குறைந்துவிடாது. குடியிருப்பவர் வீட்டுக் குழந்தை கீரை தின்னும்.

இதனால் பணம் கொட்டும் என்று நான் ஆசை காட்டவில்லை. மிச்சமாவது சிறு தொகைதான். அலங்காரத் தொட்டியும் விலை உயர்ந்த உரமும் வாங்கினால் அந்த மிச்சமும் போய்விடும். ஆனால், மாதக் கடைசியில் கையில் காசு குறையும் வாரத்திலும் மாடியில் ஒரு பெட்டிக் கீரை பறிக்கத் தயாராக இருக்கும். அந்த வாரமும் தாயின் தட்டில் கீரை விழும். எனக்கு அதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

கடைக்குப் போக வேண்டாம். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மாடிக்குப் போங்கள்.