ஓரிரவு விருந்தினன்

தனியே பயணம் செய்வதில் ஓர் இன்பம் உண்டு. புறப்படும் நேரத்தையும் தங்கும் இடத்தையும் பிறரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டுவதில்லை. மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கு இவ்வின்பம் இன்னும் மிகுதி. காற்றின் வெம்மையும் குளிர்ச்சியும் வழியோரச் செடிகளின் மணமும் தடையின்றி அவனை வந்தடைகின்றன. பின்னிருக்கையில் ஒரு சிறு கூடாரமும் இருந்துவிட்டால், கண்ட இடமெல்லாம் தன் வீடே என்று அவன் எண்ணத் தொடங்குகிறான். அவ்வெண்ணம் தகுமா என்பதே ஆராயத்தக்கது.

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெருந்தீவு சார்டினியா. இத்தாலி நாட்டைச் சேர்ந்த இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் பயணிகள் இதனை நாடி வருவதற்குத் தக்க காரணம் உண்டு. கிழக்குப் பகுதியில் 125ஆம் எண் நெடுஞ்சாலை தோர்காலி என்னும் ஊரிலிருந்து தெற்கே பவுனேயை நோக்கி மலையேறுகிறது. வளைவுக்குப் பின் வளைவாக ஏறி, 1,017 மீட்டர் உயரமுள்ள ஜென்னா சிலானா கணவாயை அடைகிறது. சுற்றிலும் வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகள். கீழே கொரோப்பு என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. வழியில் வீடுகள் அரியன. இத்தகைய இடத்தில் பொழுது சாயும்போது, 'இங்கேயே தங்கிவிட்டால் என்ன?' என்று பயணியின் உள்ளம் கேட்பது இயல்பே.

ஆனால், அதற்கென அமைந்த முகாம்களுக்கு வெளியே கண்ட இடத்தில் கூடாரமிடுவதைச் சார்டினியாவின் சட்டம் தடுக்கிறது. 'ஒருவன் ஓரிரவு படுத்து எழுவதால் மலைக்கு என்ன குறை வந்துவிடும்?' என்று சிலர் வினவுவர். முகாம்களுள் பல கடற்கரையை ஒட்டியே உள்ளன. குளிர்காலத்தில் மூடப்படுவனவும் பல. ஆதலால் இவ்வினாவை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குதல் முறையன்று. விடை கூறுதல் வேண்டும்.

முதல் விடை தீ. கோடையில் அத்தீவில் மழை மிக அரிது. மணம் வீசும் புதர்க்காடு முழுதும் உலர்ந்து விறகாகி நிற்கும். 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேற்கேயுள்ள மொந்திஃபெர்ரு மலைப்பகுதியில் பரவிய தீ 10,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைப் பொசுக்கியது. குலியேரி என்னும் ஊரருகே, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தது என மதிக்கப்பட்ட ஒலிவ மரமும் அதில் கருகிற்று. அடிமரத்திலிருந்து பின்னர்த் தளிர்கள் தோன்றினவேனும், இழந்த நிழலை மீட்டுத்தர எத்தனை தலைமுறை வேண்டும்! தேநீருக்கு நீர் காய்ச்ச மூட்டும் அடுப்பிலும் அத்தகைய தீக்கு வேண்டிய பொறி உண்டு.

இரண்டாம் விடை மணல். சிறுதுளி பெருவெள்ளம் என்பது ஈட்டத்திற்கு மட்டுமன்றி இழப்பிற்கும் பொருந்தும். ஆளுக்கு ஒரு பிடி மணலை நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றதன் விளைவாக, அதைத் தடுக்க 2017இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. மீறுவோர்க்கு 500 யூரோ முதல் 3,000 யூரோ வரை தண்டம். வடக்கேயுள்ள புதெல்லி என்னும் சிறு தீவின் இளஞ்சிவப்பு மணற்கரையில் கால்வைப்பதே 1990களில் தடை செய்யப்பட்டது. 'நான் ஒருவன்தானே' என்று எண்ணிய ஒவ்வொருவரும் சேர்ந்ததே பெருங்கூட்டம்.

மூன்றாம் விடை நிலத்துக்கு உரியவர். ஆளில்லாதது போல் தோன்றும் மலைச்சரிவு பெரும்பாலும் ஆயர்களின் மேய்ச்சல் நிலமாகவே இருக்கும். சார்டினியாவில் மக்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு செம்மறியாடுகள் உண்டு. கல்லடுக்கி மரக்கொம்புகளால் கூரை வேய்ந்த ஆயர் குடில்கள் இன்றும் மலைகளில் காணப்படுகின்றன. பிறர் வீட்டுத் திண்ணையில் படுப்பதற்கும் ஒரு சொல் கேட்பது நம் கடமையன்றோ? அங்கே பயணிகளை ஏற்கும் பண்ணை வீடுகள் பல உள்ளன. சென்று கேட்பவனுக்கு இடத்தோடு, நீர் எங்கே கிடைக்கும், எவ்வழி இடரானது என்னும் அறிவும் கிடைக்கும். தனியே செல்பவனுக்கு இதனினும் சிறந்த துணை வேறில்லை.

தனிமையை நாடுவோன் நிலத்துக்குப் பகையாக வேண்டுவதில்லை. மவுரோ மொராந்தி என்பவர் 1989 முதல் 2021 வரை புதெல்லித் தீவில் காவலராகத் தனித்து வாழ்ந்தார். குப்பைகளைப் பொறுக்கினார், வந்தவர்களுக்கு அக்கரையின் அருமையை எடுத்துரைத்தார். அவர் தனிமை பிறர்க்கும் பயன்பட்டது.

விடுதலை என்பது தடை இல்லாமை மட்டும் அன்று. தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் ஆற்றலும் அதனுள் அடங்கும். தீ மூட்டாமல், குப்பை விடாமல், கேளாத இடத்தில் தங்காமல் செல்பவனே உண்மையான பயணி. விடியலில் அவன் புறப்பட்டுச் சென்றபின், ஆடுகள் அவ்விடத்தில் முன்போலவே மேய வேண்டும்.