கருப்பவதியின் நோவும் சீன வைத்தியமும்

கருவுற்ற பெண்ணொருத்தி இடுப்பு நோகின்றதென்று சொன்னால், எம்மவர் இல்லங்களில் அவளுக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான், பொறுத்துக்கொள்." மாமியார் சொல்வார், தாயார் சொல்வார், வைத்தியருள்ளும் சிலர் சொல்வர். கணவன் ஒன்றுஞ் சொல்லாது பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பான். ஆடவர் பயின்ற கல்லூரியின் மலரில் இப்பொருளை எடுத்துப் பேசுதல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராயின், அவருக்கு யாம் கூறுவது இது: எம் பழைய மாணவருள் கணவராயுந் தந்தையராயும் ஆகாதார் சிலரே, வைத்தியராய் விளங்குவாரோ பலர். பொறுத்துக்கொள் என்னுஞ் சொல் அவர்களிடமிருந்தும் வருதலின், அவர்களை நோக்கியே பேசவேண்டியுள்ளது.

இந்நோவு சிறிதன்று. கருப்பகாலத்தில் இடுப்பென்புகளைப் பிணிக்கும் நார்கள் தளர்கின்றன. வயிறு முன்தள்ளுதலால் உடலின் பாரம் இடம் மாறுகின்றது. கருவுற்றார் ஐவருள் ஏறத்தாழ ஒருவருக்கு இடுப்பு வளையத்தில் நோவு உண்டாகின்றதென மேனாட்டு வைத்தியர் கணித்துள்ளனர். படியேறுதல், கட்டிலிற் புரண்டு படுத்தல், ஒற்றைக் காலில் நின்று சேலை கட்டுதல் என்னும் எளிய செயல்களே அவர்களுக்குப் பெருந்துன்பமாகின்றன. இதற்கு மருந்து கொடுக்கலாகாதோ எனின், அங்கேதான் இடர்ப்பாடு. 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடொமைட்டு என்னும் மருந்து, கருப்பவதிகளின் குமட்டலுக்கும் உறக்கமின்மைக்கும் தீங்கற்றதெனக் கொடுக்கப்பட்டது. 1961இல் அது மீளப்பெறப்படுமுன் பல்லாயிரங் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தனர். அன்று தொடங்கிய அச்சம் நியாயமானதே. ஐபுபுரோபன் போன்ற நோவடக்கிகளை இருபதாம் வாரத்தின்பின் தவிர்த்தல் நன்று என 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சிசுவின் சிறுநீரகங்கள் தாக்குறுவதால் பனிக்குட நீர் குறையக்கூடும் என்பதே காரணம். ஆகவே பெரும்பாலும் பரசிற்றமோல் ஒன்றே எஞ்சுகின்றது. அதுவும் போதாதவள் யாது செய்வாள்? இவ்வெற்றிடத்திலேதான் சீன வைத்தியம் புகுகின்றது.

சீனர் இந்நோவைப் பொருட்படுத்தியமை இன்று நேற்றன்று. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சொங்சிங் என்னும் வைத்தியர், கருவுற்ற மாதரின் வயிற்று நோவுக்கென ஆறு சரக்குகள் கூடிய சூரணமொன்றை வகுத்தார். தாங்குய் வேரும் வெண்பியோனி வேரும் அதிற் பெயர் பெற்ற இரண்டு. 1237இல் சென் சிமிங் என்பார் மாதர் நோய்களுக்கென்றே ஒரு பெருந்தொகை நூல் இயற்றினார். தாயின் குருதி கருவைப் பேணச் செல்லுதலின் அவளுடலில் ஓட்டங் குன்றி நோவு பிறக்கின்றது என்பது அவர்தங் கொள்கை. அக்கொள்கையை யாம் ஏற்கின்றிலேம். ஆயினும், கருப்பவதியின் நோவை விதியென ஒதுக்காது வைத்தியத்திற்குரிய பொருளாகக் கொண்ட அவ்வுள்ளத்தை வணங்குகின்றோம்.

அவர்கள் அஞ்சவும் அறிந்திருந்தனர். ஐந்தாம் நூற்றாண்டிலே சூ வென்போ என்னும் அரச வைத்தியர் ஒரு பெண்ணின் கையிலும் காலிலும் ஊசியேற்றிக் கருவை வீழ்த்தினார் என்றொரு கதை சீன வரலாற்றில் வழங்குகின்றது. சிசுக்கள் எத்தனை எனக் காண அவள் வயிற்றைக் கீற முற்பட்ட கொடுங்கோல் இளவரசனைத் தடுக்கவே அவர் அவ்வாறு செய்தாராம். கதை உண்மையோ பொய்யோ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ஹெகு என்னும் புள்ளியும், கணுக்காலுக்கு மேலுள்ள சான்யின்சியாவோ என்னும் புள்ளியும் கருவுற்றார்க்கு விலக்கப்பட்டனவாக இன்றுங் கருதப்படுகின்றன.

இக்காலத்தில் ஊசி வைத்தியத்தின் புகழ் மேனாடுகளிற் பரவியமை ஒரு பத்திரிகையாளரின் குடல்வாலால். 1971இல் பீக்கிங் சென்ற நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் றெஸ்ரனுக்கு அங்கே குடல்வால் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. விறைப்பு மருந்து வழமையானதே; பின்னர் உண்டான வயிற்று உபாதைக்கே ஊசி ஏற்றினர். கேட்டவர்களோ, ஊசியால் விறைக்கச்செய்து வயிற்றை அறுத்தனர் எனத் திரித்துக்கொண்டனர். ஊசி வைத்தியத்திற்கு அதன் பகைவர் செய்த தீங்கினும் இத்தகைய நண்பர் செய்த தீங்கே அதிகம். மறுபுறம், அது வெறும் மாயவித்தை என்பாரும் சற்றுப் பொறுத்தல் வேண்டும். ஊசியேற்றத்தால் உடலிலேயே சுரக்கும் என்டோபின் என்னும் பொருள்கள் நோவைத் தணிக்கின்றன என்பதற்கு 1970களிலேயே சான்றுகள் வெளிவரத் தொடங்கின.

கருப்பவதிகளிடம் இதனைச் சோதித்தோருள் சுவீடன் நாட்டார் முதன்மையானவர். கொதன்பேர்க் நகரப் பகுதியிலே இடுப்பு வளைய நோவுற்ற 386 கருப்பவதிகளை மூன்று கூட்டங்களாகத் திருவுளச்சீட்டு முறையிற் பிரித்தனர். 130 பேருக்கு வழமையான பரிகாரம் மட்டும். 125 பேருக்கு அதனுடன் ஊசி. 131 பேருக்கு அதனுடன் இடுப்பை உறுதிசெய்யும் தேகப்பயிற்சி. ஆறு வாரம் இவை நடந்தன. 2005இல் வெளியான பெறுபேறு: பயிற்சி செய்தார்க்கு வழமைப் பரிகாரத்தினும் மேலான தணிவு; ஊசி பெற்றார்க்கு அதனினும் மேலான தணிவு. விலக்கப்பட்டதென மேலே கூறிய ஹெகுப் புள்ளியிலும் அவர்கள் ஊசியேற்றினர். தாய்க்கோ சேய்க்கோ கடுமையான தீங்கெதுவும் காணப்படவில்லை. பழைய அச்சம் இத்துணைப் பேரிடத்தே மெய்ப்படவில்லை என்பது குறிக்கத்தக்கது. எனினும் முன்னூற்றுக்கும் மேற்பட்டார் கூடிய சோதனையில் ஊசி பெற்றார் 125 பேரே என்பதனையும் மறத்தலாகாது.

இவ்வளவில் நின்றிருந்தால் யாமும் ஊசிக்குக் கொடிபிடித்திருப்போம். அதே ஆராய்ச்சியாளர் 2008இல் இன்னொரு சோதனையை வெளியிட்டனர். 115 கருப்பவதிகளுட் சிலருக்கு மெய்யூசியும், ஏனையோருக்குத் தோலைத் துளைக்காது உள்வாங்கும் பொய்யூசியும் இட்டனர். நோவு இரு கூட்டத்தாருக்கும் தணிந்தது; தணிவில் வேறுபாடு காணப்படவில்லை! மெய்யூசி பெற்றோருட் கூடியோர் தத்தம் தொழிலுக்குச் செல்ல வல்லராயிருந்தனர் என்பது மட்டுமே ஆறுதல். ஆகவே ஊசி ஏறுவதாற் பயன் விளைகின்றதா, அன்றி வாரத்துக்கு இருமுறை ஒருவர் அவளருகே அமர்ந்து, எங்கே நோகின்றதெனக் கேட்டுத் தொட்டுப் பார்ப்பதாற் பயன் விளைகின்றதா என்னும் வினா எழுகின்றது. இரண்டாவதே பெரும்பங்கு என எமக்குத் தோன்றுகின்றது. அங்ஙனமாயினும் ஊசியை இகழ்தற்கு அது காரணமாகாது. எம் நாட்டுக் கருப்பவதிக்கு அவ்விரண்டாவதேனும் கிடைக்கின்றதா?

மூலிகைகளின் வழக்கு வேறு. தோலிற் குத்திய ஊசியை எடுத்துவிடலாம். குடித்த கஷாயம் கொப்பூழ்க்கொடி வழியே சிசுவையும் சென்றடையக்கூடும். 1993இல் பெல்சிய நாட்டு வைத்தியர், பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கெனச் சீன மூலிகை உண்ட இளம்பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயினமையை வெளிப்படுத்தினர். ஃபாங்சி என்னும் இரு மூலிகைகளின் பெயரொற்றுமையால், ஸ்ரெபானியா வேருக்குப் பதிலாக நஞ்சுடைய அரிஸ்ரொலோக்கியா இனத்து வேர் புகுந்ததே காரணமெனக் கண்டனர். அப்பெண்கள் கருப்பவதிகளல்லர், ஆயினும் பொட்டலத்தில் எழுதியது ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றுமாயின் வைத்தியரின் புலமை எவ்வளவாயினும் பயனில்லை. சீன அரசின் மருந்து நூலே கருப்பவதிகளைக் குறித்துச் சரக்குகளை முற்றும் விலக்கற்பாலன, தவிர்க்கற்பாலன, எச்சரிக்கையோடு வழங்கற்பாலன என மூவகைப்படுத்தியுள்ளது. அச்சரக்குகளை இங்கே விற்பவர் எல்லாரும் அப்பகுப்பை அறிவரோ?

ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாக வழங்கும் மருந்து தீதாயின் இதற்குள் தெரிந்திராதா எனச் சிலர் வினவுவர். எம் சித்த வைத்தியத்தைக் குறித்தும் இவ்வாதத்தை அடிக்கடி கேட்கின்றோம். உண்டவுடன் வரும் வாந்தியை மரபு கண்டுகொள்ளும். பத்தாண்டு கழித்து வரும் சிறுநீரகக் கேட்டை அது காணாது. கருச்சிதைவுகள் மலிந்த காலத்தில் ஒரு கரு கூடுதலாகச் சிதைந்தால் எவர் கணக்கிட்டனர்?

நோபற் பரிசைச் சுட்டி எம்மை மறுப்பாரும் உளர். உண்மைதான், நான்காம் நூற்றாண்டுச் சீன நூலொன்றிற் கண்ட குறிப்பைப் பற்றிக்கொண்டு து யூயூ அம்மையார் 1970களின் தொடக்கத்தில் ஆட்டெமிசினின் என்னும் மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தார், 2015இற் பரிசு பெற்றார். ஆனால் கதையின் எஞ்சிய பகுதியையும் கேட்டல் வேண்டும். அவ்வழிவந்த மருந்தைக் கருப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கொடுக்கலாமென உலக சுகாதார தாபனம் பரிந்துரைத்தது 2022இலேதான். உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்துக்கே, கருவுற்றாளின் வாயிலைக் கடக்க ஐம்பது ஆண்டு சென்றது. முறையாகச் சோதிக்கப்படாத கஷாயத்துக்கு அவ்வாயிலை உடனே திறந்துவிடுதல் தகாதென்பது எம் துணிபு.

இன்னொன்று. கருப்பகாலத்து நோவெல்லாம் இடுப்பு நோவன்று. உதிரப்போக்கோடு கூடிய வயிற்று நோவு, விட்டு விட்டு ஒழுங்காக வரும் நோவு, பார்வை மங்கலோடு வரும் தலைநோவு, ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி நோதல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினும் நேரே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இங்கே ஊசிக்கும் இடமில்லை. பொறுத்துக்கொள் என்பதற்கும் இடமில்லை.

எம் நாடு ஊசி வைத்தியத்திற்குப் புதிதன்று. களுபோவிலை அரசாங்க வைத்தியசாலையிலே அன்ரன் ஜயசூரிய அதனைப் பயிற்றியபோது பிறநாட்டாரும் வந்து கற்றனர். பயின்ற கையும், ஒருமுறையே பயன்படும் தூய ஊசியும், மகப்பேற்று வைத்தியரின் உடன்பாடும் வாய்க்குமிடத்து, இடுப்பு நோவுற்ற கருப்பவதி அதனை நாடுதலை யாம் தடுக்கமாட்டோம். ஆயினும் வாரத்துக்கு இருமுறையாக ஆறு வாரம் என்றால் பன்னிரண்டு பயணம். நடக்கவே நோகின்றதென்பவள் பன்னிரண்டு முறை பஸ் ஏறி இறங்குவது எங்ஙனம்? சுவீடனிற் பயனளித்த அத்தேகப்பயிற்சியோ வீட்டிலேயே செய்யத்தக்கது. ஒருமுறை சரிவரக் கற்றால் போதும். கருப்பவதிகளைப் பார்க்கும் கிராமத்து நிலையங்களுக்கு மாதம் ஒருமுறையேனும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவர் வருதல் வேண்டுமென எம் பழைய மாணவ வைத்தியர் அதிகாரிகளிடம் கேட்பாராக. அதுவரை, அவள் நிலையத்துக்குப் போகும் நாளில் கணவன் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு செல்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.