மேடையைக் குறையுங்கள், பட்டறையைத் திறவுங்கள்

போன மாதம் ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். யூலாந்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு.

“அக்கா, கம்பஸில ஒரு இன்னொவேஷன் போட்டி வருது. வெள்ளி பின்னேரம் தொடங்கினா ஞாயிறு இரவுதான் முடியும். எனக்குச் சனி ஞாயிறு கடையில வேலை. எதுக்குப் போறது?”

“வேலைக்குப் போ” என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. ‘துணிந்து இறங்கு, வாழ்க்கை ஒரு முறைதான்’ என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். ஏன் அப்படிச் சொல்லவில்லை என்பதைத்தான் இன்று எழுதுகிறேன். தொழில் தொடங்கும் ஆசைக்கு நான் எதிரி அல்ல. அந்த ஆசையை எங்கள் வளாகங்கள் எப்படி வளர்க்கின்றன என்பதோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் என் கதை. மாணவியாக இருந்தபோது நானும் இரண்டு நண்பர்களும் ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்னக் கருவி செய்தோம். குளிர்காலத்தில் யன்னல் திறக்காத வீட்டில் ரசம் கொதித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் வியர்க்கும், மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். ‘இப்போது யன்னலைத் திற’ என்று விளக்கு எரிந்து சொல்லும் கருவி அது. என் மாமி வீட்டுக் குளியலறையில் இரண்டு கிழமை ஒழுங்காக வேலை செய்தது.

அதை எடுத்துக்கொண்டு இதேபோன்ற ஒரு வார இறுதிப் போட்டிக்குப் போனோம். சனி மதியம் நான் வேலைக்கு ஓடவேண்டியிருந்தது. ஞாயிறு மேடையில் நண்பன் பேசினான். நடுவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: சந்தை எவ்வளவு பெரியது? கருவி வேலை செய்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வென்ற குழுவிடம் அழகான படங்கள் இருந்தன, ஒரு திருகாணிகூட இருக்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் குழுவும் இல்லை, எங்கள் குழுவும் இல்லை. கருவி இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது.

தோற்ற கோபம் என்று நினைக்கலாம். கொஞ்சம் இருக்கிறதுதான். ஆனால் என் கோபத்தை விட்டுவிட்டு, டென்மார்க்கில் வளாகத்திலிருந்து உண்மையாகவே எழுந்த ஒரு நிறுவனத்தைப் பாருங்கள்.

ஓடென்ஸவில் இருக்கும் யூனிவர்சல் ரோபோட்ஸ். தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில் ரோபோ ஆராய்ச்சி செய்த எஸ்பென் ஓஸ்டகோர், காஸ்பர் ஸ்டொய், கிறிஸ்டியன் காசோ மூவரும் 2005இல் தொடங்கியது. முதல் ரோபோவை விற்க 2008 வரை சென்றது. 2015இல் அமெரிக்காவின் டெரடைன் நிறுவனம் 285 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது. வேலி போட்டு அடைக்காமல், மனிதருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ரோபோக் கை இன்று உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் இருக்கிறது என்றால், அதில் இவர்களின் பங்கு பெரியது.

அந்த ஆராய்ச்சி அங்கே எப்படி வந்தது? ஓடென்ஸவுக்கு அருகே லின்டோ கப்பல் கட்டும் தளம் இருந்தது. கப்பல் ஒட்டுவதற்கு ரோபோ தேவைப்பட்டது. 1990களில் கப்பல் முதலாளி ஏ.பி. மோலர் தரப்பின் நன்கொடையில் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவகமே எழுந்தது. 2012இல் கடைசிக் கப்பலோடு தளம் மூடப்பட்டது. ரோபோ அறிவு ஊரிலேயே தங்கிவிட்டது. நிஜமான தேவை, ஆய்வுகூடம், பல வருட வேலை, பிறகு நிறுவனம். இந்த வரிசையில் வார இறுதிக்கு எங்கே இடம்?

சென்னையைப் பாருங்கள். ஐ.ஐ.டி. மதராஸில் 1981ஆம் ஆண்டு படித்து வெளியேறியவர்கள் பணம் கொடுத்து, 2008இல் மாணவருக்காகப் புத்தாக்க மையம் ஒன்றைத் திறக்க உதவினார்கள். மாணவரே நடத்தும் பட்டறை அது. பழைய மாணவர் பரிசுக் கோப்பை கொடுக்கவில்லை. கருவிகளும் இடமும் கொடுத்தார்கள். அந்த வளாகத்தில் படித்த இருவர்தான் 2013இல் ஏத்தர் மின் ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

டென்மார்க்கிலும் நல்ல வழி தெரியாமல் இல்லை. லிங்பியில் டி.டி.யு. பல்கலைக்கழகம் 2013இல் திறந்த ஸ்கைலாப்பில் மரம், உலோகம், மின்னணு எல்லாவற்றுக்கும் பட்டறை இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் டிப்ளோம் பொறியியல் மாணவருக்கு ‘இன்னொவேஷன் பைலட்’ என்ற 10 புள்ளிப் பாடம் கட்டாயம். வெவ்வேறு துறை மாணவர் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் உண்மையான பிரச்சினையில் வேலை செய்யவேண்டும். ஒரு அரையாண்டுக்கு 30 புள்ளி என்றால், மூன்றில் ஒரு பங்கு நேரம் இதற்கு. எனக்குப் பிடித்தது அந்தக் ‘கட்டாயம்’ என்ற சொல். கட்டாயம் என்றால் நேர அட்டவணையில் இருக்கும். அட்டவணையில் இருந்தால் சனிக்கிழமை வேலை செய்கிறவளும் வருவாள். ‘இதெல்லாம் எனக்கில்லை’ என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளையும் வருவான்.

இதுதான் என் வாதத்தின் நடு முடிச்சு. வார இறுதிப் போட்டியும் வெள்ளி இரவுக் கூட்டமும் திறமையைத் தேர்ந்தெடுப்பதில்லை. நேரம் இருப்பவரைத் தேர்ந்தெடுக்கின்றன. அப்பா இறைச்சித் தொழிற்சாலையிலும் அம்மா துப்புரவு வேலையிலும் நின்று வளர்த்த பிள்ளைக்குச் சனிக்கிழமை என்றால் கடை வேலை, தம்பியைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப்போவது, கடிதம் வந்தால் டேனிஷ் மொழியில் வாசித்து விளக்குவது. அவள் அங்கே இல்லாததைப் பார்த்து ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதிவைக்கிறார்கள்.

‘மனம் இருந்தால் நேரம் வரும்’ என்பார்கள். அப்படிச் சொல்பவரின் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்று நான் கேட்பேன். ‘மேடை தன்னம்பிக்கை தரும், ஆட்களை அறிமுகப்படுத்தும்’ என்பார்கள். உண்மை. ஆனால் அது கடைசிப் படி. செய்த பொருள் கையில் இருப்பவருக்கு மேடை உதவும். ஒன்றும் செய்யாதவருக்கு மேடை கொடுத்தால் அவர் பேச்சு மட்டும் வளரும்.

நேரம் இன்னும் சுருங்குகிறது. 2025 யூலை முதல் உயர்கல்வி தொடங்குகிறவர்களுக்கு, படிப்புக் காலத்துக்கு மேல் கிடைத்த அந்தக் கூடுதல் ஒரு வருட எஸ்.யூ. உதவித்தொகை இல்லை. ஒரு அரையாண்டு பிந்திப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்ற இடைவெளி மூடிவிட்டது. இனிப் படிப்புக்கு வெளியே ‘சும்மா முயன்று பார்’ என்று சொல்வது வசதியான பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதுதான்.

ஆகவே வளாகங்களை நடத்துகிறவர்களிடம் மூன்று கேட்கிறேன். வேலையை அட்டவணைக்குள் கொண்டுவந்து புள்ளி கொடுங்கள். முதலாம் ஆண்டிலேயே பட்டறைக்குள் விடுங்கள். எத்தனை பேர் போட்டிக்கு வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். இரண்டு வருடம் கழித்து எத்தனை பேருக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்தார் என்று எண்ணுங்கள்.

எங்கள் பெற்றோரிடமும் ஒரு சொல். “முதல்ல படிச்சு முடி பிள்ளை, உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது” என்று அம்மா சொன்னபோது அவரிடம் நியாயம் இருந்தது. 80களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு முறை இழக்கத் தெம்பில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. இங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதாமாதம் எஸ்.யூ. வருகிறது. பாடத்துக்குள் முயன்று இருபத்திரண்டு வயதில் தோற்றால் போவது ஒரு யோசனை மட்டும். வீடும் பட்டமும் அப்படியே இருக்கும்.

அன்று தங்கச்சியிடம் “வேலைக்குப் போ” என்பதோடு நான் நிறுத்தவில்லை. “திங்கட்கிழமை வகுப்பு முடிய நேரே பட்டறைக்குப் போ. அங்க நிக்கிறவரிட்ட உன்ர யோசனையைச் சொல்லு, என்ன செய்யலாமெண்டு கேள்” என்றேன்.

போயிருக்கிறாள். உலோகம் வெட்டும் இயந்திரத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துவிட்டாளாம். போட்டியில் யார் வென்றார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியாது.