பழைய மெஷினுக்கு எந்த டயர்?

கிழக்கில் மெஸி பெர்குசன் 135 உழவு இயந்திரங்களை இன்றும் காணலாம். 1964இல் சந்தைக்கு வந்த இயந்திரம். இஞ்சின் உழைக்கிறது; டயர்தான் உரிமையாளரைக் கடனாளியாக்குகிறது.

பின் சக்கரத்துக்கு 12.4-28, முன் சக்கரத்துக்கு 6.00-16 என்பன இதற்குப் பெரும்பாலும் பொருந்தும் அளவுகள். பழைய டயரில் 11-28 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அது 12.4-28இன் பழைய பெயர்தான். "அந்த அளவு இப்போது வருவதில்லை" என்று வேறொன்றைத் தலையில் கட்டுவோரும் உள்ளனர்.

வயலுக்கா, பெட்டி இழுக்கவா என்பதை முதலில் தீர்மானியுங்கள். சேற்று உழவுக்கு உயரமான பற்கள் தேவை. அதற்குப் புதிய டயர் வாங்குவதே இலாபம். தார் வீதியில் அந்தப் பற்கள் விரைவில் தேய்ந்துவிடும். நெல்லும் மணலும் ஏற்றுபவருக்கு, பக்கச்சுவர் நல்லதாயிருந்தால், ரீபில்ட் டயர் போதும். ரேடியல் வீண் செலவு. பின் டயர்களைச் சோடியாகவே மாற்றுங்கள்.

பாவித்த டயரில் கறுப்பு பூசி வெடிப்பை மறைப்பது எமது கடைகளிலும் நடக்கிறது. வாங்குபவர் பாரத்தோடு வீதியில் போகிறவர், மட்காட்டில் அவரது பிள்ளையும் இருக்கும். குறையைச் சொல்லாமல் விற்ற பணம் எப்படி ஹலாலாகும்? பக்கச்சுவரில் தயாரிப்புத் திகதி இருந்தால் பாருங்கள்: 1418 என்றால் 2018இன் 14ஆவது வாரம்.

அறுவடைக்குப் பின் பணம் தருவதாயின் விலையை முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். தவணை தப்பியதற்காகக் கூட்டி வாங்கினால் அது வட்டி.

டயரைக் கழற்றும்போது ரிம்மின் உள்பக்கத் துருவையும் சுரண்டிவிடுங்கள், புது டியூப்பை அதுதான் வெட்டும்.